முதல் லோடு

ஜனவரி 17, புதன்

"இறங்கின சூட்டோட எழுதிருங்க. அப்புறம் எழுதலாம்னு வச்சா பொய் கலந்துரும்" என்று எங்கள் இன்ஸ்ட்ரக்டர் கிரிதரன் சார் எல்லா மாணவர்களிடமும் சொல்வார். ஆனால் குதித்ததைப் பதியும் லாக் புத்தகத்தில் ஒரு குதிப்புக்கு நாலு வரிதான் இடம். குதிக்காத நாளுக்கு இடமே கிடையாது. எனக்கோ குதிக்காத நாள்தான் அதிகம். அதனால் இந்த நோட்டு.

முதல் பக்கம் என்பதால் முறையாகத் தொடங்குகிறேன். தெபோரா, வயது இருபத்தெட்டு, கோவில்பட்டி. விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கக் கற்றுத்தரும் கம்பெனியில் லிஸ்ட் எழுதும் வேலை. ஊருக்கு வெளியே கரிசல் காட்டுக்கு நடுவில், யுத்த காலத்தில் போட்டு அப்படியே விட்டுப்போன ஓடுதளம் ஒன்று இருக்கிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை அது எங்கள் கம்பெனிக்கு. ஒரே ஒரு சின்ன விமானம். பைலட் போக ஐந்து பேர் ஏறலாம். அது ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு லோடு. எந்த லோடில் யார் என்று வெள்ளைப் பலகையில் எழுதுவது நான்.

முதலில் டாண்டம்காரர்கள். இன்ஸ்ட்ரக்டரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வாழ்க்கையில் ஒரு தடவை குதித்து, வீடியோ வாங்கிக்கொண்டு போகிறவர்கள். அவர்களுக்குப் பிறகு, தனியாகக் குதிக்கக் கற்கும் மாணவர்கள். அதற்கும் பிறகு இடமிருந்தால் ஸ்டாஃப். நான் ஸ்டாஃப் மாணவி. சம்பளத்தில் ஒரு பங்குக்குப் பதில் பயிற்சி என்று முதலாளி தாமோதரன் சாரோடு ஏற்பாடு.

மொத்தம் ஏழு லெவல். மூன்றாவது லெவலை நான் மூன்றாம் தடவையில்தான் தேறினேன். கடைசியாகக் குதித்தது ஜனவரி 2. மாணவர் முப்பது நாளைக்கு மேல் குதிக்காமல் இருந்துவிட்டால் தேறிய லெவலையே மறுபடி செய்ய வேண்டும். இன்றோடு பதினைந்து நாள்.

இன்று மூன்று லோடு. மூன்றும் டாண்டம். அழுக்கான குதிப்பு உடைகள் பதினொன்றைத் துவைத்துக் காயப்போட்டேன். கரிசல் மண் ஒரு அலசலில் போகாது.

ஜனவரி 22, திங்கள்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு மாணவி வந்திருக்கிறாள். சம்யுக்தா. பல் டாக்டர், வயது இருபத்தாறு. பத்து நாள் லீவு போட்டிருக்கிறாள். அதற்குள் ஏழு லெவலையும் முடித்துவிட்டுப் போகத் திட்டமாம். காலை ஆறு மணிக்கு நான் கேட்டைத் திறக்கப் போனபோது வாசலில் நின்று கொய்யா தின்றுகொண்டிருந்தாள்.

"தெபோரா அக்காங்களா? போன்ல பேசினமே, நான்தானுங்க. இந்தாங்க" என்று இன்னொரு கொய்யாவை நீட்டினாள்.

பகல் முழுக்கத் தரைப் பயிற்சி. ஷெட்டின் இரும்பு உத்தரத்திலிருந்து வார்களில் ஆளைத் தொங்கவிட்டு, மேலே என்ன தவறு நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று திரும்பத் திரும்பச் செய்யவைப்பார்கள். கயிறுகள் முறுக்கிக்கொண்டால் இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்துச் சைக்கிள் மிதிப்பதுபோல் உதைக்க வேண்டும். எனக்கு அது பிடிபட ஒன்றரை நாள் ஆனது. அவள் சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துவிட்டாள்.

"இவ்வளவு சீக்கிரம் யாரும் பிடிச்சதில்ல" என்றார் கிரிதரன் சார். அவர் பதினோரு வருடமாக இன்ஸ்ட்ரக்டர். எனக்குச் சொன்னது "பரவால்ல, வந்துரும்" என்பது.

சாருக்குச் சர்க்கரை ஆகாது. இரண்டு மாதமாக அவருக்கு மட்டும் தனியாக டீ வைத்துத் தருகிறேன். இன்று சம்யுக்தா எல்லோருக்கும் சேர்த்து வாங்கி வந்த இனிப்பு டீயை ஒன்றும் சொல்லாமல் குடித்தார். நான் வைத்த டீ ஆறிப்போய் இருந்தது. கொட்டிவிட்டேன்.

ஜனவரி 23, செவ்வாய்

நேற்றே எழுதிவைத்த முதல் லோடில் என் பெயர் இருந்தது. ஆறரைக்குத் தாமோதரன் சார் போன்.

"தெபோரா, அந்தப் பல் டாக்டர முதல் லோடுல போடும்மா."

"அதுல நான் இருக்கேன் சார். இருபத்தோரு நாளாச்சு."

"நீ இங்கதான இருக்க, எங்க போயிரப் போற? அது லீவு போட்டுட்டு வந்திருக்கு."

என் பெயரை நானே அழித்தேன். முதல் மூன்று லெவலுக்கு மாணவருக்கு இரண்டு இன்ஸ்ட்ரக்டர் வேண்டும். மாணவர்களுக்கென்று எங்களிடம் இருப்பதே இரண்டு பேர்தான். அதனால் முதல் லோடில் என்னோடு வர ஆளில்லை என்று ஆகிவிட்டது.

நின்ற காலில் இறங்கினாள். பாராசூட்டைக் கட்டிப்பிடித்தபடி ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அக்கா, அந்தக் காத்தாடியெல்லாம் கால் விரல் அளவுக்குத் தெரியுதுங்கக்கா!" என்றாள். தெரியும். மேலேயிருந்து அந்தக் காற்றாலைகளை நானும் பார்த்திருக்கிறேன். என் முதல் குதிப்பில் நான் இறங்கியதும் வாந்தி எடுத்தேன்.

எனக்கு ஒன்றும் இல்லை. வேலை வேலைதான்.

ஜனவரி 24, புதன்

காற்று. மாணவர் யாரும் ஏறவில்லை.

ஜனவரி 26, வெள்ளி

குடியரசு தினம் என்று கூட்டம். எல்லா லோடும் டாண்டம்.

சம்யுக்தா நேற்று ஒரே நாளில் லெவல் இரண்டும் மூன்றும் முடித்துவிட்டாள். முதல் தடவையிலேயே.

சாயங்காலம் ஷெட்டில் என் பழைய லெவல் மூன்று வீடியோவைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க இடது கால் மடங்குதுங்க. அதனாலதான் சுத்துறீங்க."

நான் அவளிடம் யோசனை கேட்கவில்லை. ஐந்து நாள் மாணவி எனக்குச் சொல்கிறாள்.

"சரி, பாக்குறேன்" என்றேன். அவள் போனதும் வீடியோவை மூன்று தடவை ஓட்டினேன். கால் மடங்குகிறது.

ஜனவரி 27, சனி

காலையில் சம்யுக்தா லெவல் நாலு. தேறினாள். சாயங்காலம் ஐந்து மணி லோடில் எனக்கும் இடம் கிடைத்தது. எனக்கும் லெவல் நாலு. கிரிதரன் சார் பிடியை விட்டதும் சுற்ற ஆரம்பித்தேன். வானம், கரிசல், வானம், கரிசல். அவரே வந்து பிடித்து நிறுத்தினார்.

"ரிப்பீட். பரவால்ல, வந்துரும்" என்றார்.

சம்யுக்தா தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தாள். கால் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஜனவரி 28, ஞாயிறு

லிஸ்டில் ஒரு ஒழுங்கு வேண்டும் என்று யோசித்தேன். ஒரே ஆள் எப்போதும் காலை லோடில் போவது மற்றவர்களுக்கு நியாயமில்லை. சம்யுக்தாவை மூன்றாவது லோடில் போட்டேன். அது பத்து மணிக்கு. காற்று மணிக்கு இருபத்திரண்டு கிலோமீட்டரைத் தாண்டினால் மாணவர்கள் ஏறக் கூடாது, டாண்டம் போகலாம். ஒன்பதரைக்கு மேல் கிழக்கிலிருந்து காற்று ஏறுவது இங்கே வழக்கம். பத்து மணிக்கு இருபத்தாறு காட்டியது. மாணவர் நிறுத்தம். விதிப்படிதான்.

ஜனவரி 29, திங்கள்

சம்யுக்தா மூன்றாவது லோடு. காற்று இருபத்தைந்து.

ஜனவரி 30, செவ்வாய்

முதல் லோடில் டாண்டம் ஒன்று வரவில்லை. சம்யுக்தா எட்டு மணிக்கு மேல்தான் வருவாள் என்று நினைத்தேன். அதனால் நானே ஏறினேன். லெவல் நாலு தேறிவிட்டேன்! பாராசூட்டை விரிக்கும் வரை விழுகிற முழு நாற்பத்தைந்து விநாடியும் சுற்றாமல் நின்றேன். ஒரு தடவை கிரிதரன் சாரைப் பார்த்துச் சிரிக்கக்கூட முடிந்தது.

"காலைக் கவனிச்சிருக்க, பாரு" என்றார்.

"ஆமா சார்" என்றேன்.

நான் இறங்கியபோது ஓடுதளத்து ஓரம் நின்று கைதட்டியது சம்யுக்தா. ஆறு மணிக்கே வந்துவிட்டாளாம். அவளுக்கு மூன்றாவது லோடுதான் எழுதியிருந்தேன். காற்று வந்துவிட்டது.

ஜனவரி 31, புதன்

சம்யுக்தாவின் லீவு முடிந்தது. நாலு லெவலோடு ஊருக்குப் போகிறாள். மூன்று நாளாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் கிளம்பும்போது என்னிடம் சொன்னாள்: "காத்து நம்ம கையிலயாங்கக்கா இருக்கு? சனி ஞாயிறு பஸ் ஏறி வந்துடறேன். எப்படியாச்சும் காலைல ஒரு இடம் பாருங்க."

பார்க்கிறேன் என்றேன்.

கிரிதரன் சார் நாளை மகாராஷ்டிரம் போகிறார், மூன்று வாரம். அதுவரை மாணவர்களை இன்னொரு இன்ஸ்ட்ரக்டர் பார்த்துக்கொள்வார். ஷெட் வெறிச்சென்று இருக்கும்.

பிப்ரவரி 4, ஞாயிறு

சம்யுக்தா இரண்டு நாளும் வந்து இரண்டு நாளும் குதிக்கவில்லை. சனி ஞாயிறில் டாண்டம் நிறைய என்று எல்லோருக்கும் தெரியும். நேற்று ஆறாவது லோடு எழுதினேன். இன்று ஐந்தாவது.

பெஞ்சில் சும்மா இருக்க முடியாமல் எனக்கு உடை மடிக்க உதவினாள். நான் மடிப்பதைவிட நன்றாக மடிக்கிறாள்.

"அமையாததைப் பிடிச்சு எதுக்குத் தொங்கிட்டு இருக்கறே, விட்டுருன்னு அம்மா சொல்றாங்க" என்றாள்.

"நீ என்ன சொன்ன?"

"அமையுங்கம்மான்னு சொன்னேன்."

பிப்ரவரி 10, சனி

அருமையான நாள். காலை முழுக்க இலை அசையவில்லை. முதல் லோடிலும் இரண்டாவதிலும் மாணவர் இடம் காலி. நான் லெவல் ஐந்து முடித்தேன்.

வியாழக்கிழமை சம்யுக்தா போன் செய்து, ஒரு நாள்தான் வர முடியும், சனியா ஞாயிறா என்று கேட்டிருந்தாள். ஞாயிறு என்று சொல்லியிருந்தேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஏழரைக்கே காற்று. சம்யுக்தா வந்து, மத்தியானம் வரை இருந்து, திரும்பினாள். முகம் கொஞ்சம் வாடியிருந்தது. பஸ்ஸில் சாப்பிட எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

மதுரையிலிருந்து இருபது பேர் கொண்ட ஆபீஸ் குழு நாளையும் மறுநாளும் டாண்டம். சம்யுக்தா போன் செய்தபோது, வந்தாலும் இடமிருக்காது என்று சொன்னேன். மத்தியானம் அந்தக் குழு சனிக்கிழமையை ரத்து செய்துவிட்டது. அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன். துவைக்கும் வேலை நிறைய.

பிப்ரவரி 19, திங்கள்

ரிஜிஸ்டரை ஒழுங்குபடுத்தினேன். அதில் 'கடைசிக் குதிப்பு' என்று ஒரு பத்தி இருக்கிறது. மாணவர் குதித்து இருபத்தொரு நாளுக்கு மேல் ஆகியிருந்தால் லிஸ்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி போட வேண்டும். குறி இருந்தால் இன்ஸ்ட்ரக்டர் அவரை அரை மணி நேரம் ஷெட்டில் தொங்கவிட்டு எல்லாவற்றையும் ஒருமுறை செய்யவைத்த பிறகுதான் விமானத்தில் ஏற்றுவார். குறி போடுவது என் வேலை.

சம்யுக்தா கடைசியாகக் குதித்தது ஜனவரி 27. இன்றோடு இருபத்துமூன்று நாள். முப்பதைத் தாண்டினால் லெவல் நாலு மறுபடி. சும்மா எண்ணிப் பார்த்தேன்.

பிப்ரவரி 24, சனி

கிரிதரன் சார் நேற்றுத் திரும்பிவிட்டார். கொஞ்சம் கறுத்திருக்கிறார். டீ வைத்துக்கொண்டு போனேன்.

"நாளைக்குச் சம்யுக்தா வருது. என்கிட்ட நேரா போன் பண்ணிருச்சு. முதல் லோடுல போடு, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"முதல் லோடு என் லெவல் ஆறு சார். உங்களோடதான் பண்ணணும்னு ஒரு வாரமா வச்சிருக்கேன்."

"உன்ன திங்கக்கிழமை பாத்துக்கலாம். அந்தப் பொண்ணு அவ்வளவு தூரத்துல இருந்து வருது. நான் இல்லாதப்போ எதுவரைக்கும் முடிச்சிருக்கு?"

"லெவல் நாலு முடிஞ்சிருக்கு சார்."

"அப்ப அஞ்சு. எழுதிரு."

என் பெயரை அழித்தேன். இது எத்தனையாவது தடவை என்று எண்ணவில்லை. லோடு 1, கிரிதரன், சம்யுக்தா, லெவல் 5 என்று எழுதினேன். கறுப்புப் பேனாவில் எழுதினேன். மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

சம்யுக்தாவுக்கு அடிபட்டுவிட்டது. முதல் லோடு. வலது கால். ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள்.

எழுத முடியவில்லை.

பிப்ரவரி 26, திங்கள்

நடந்ததை எழுதுகிறேன்.

விமானத்திலிருந்து குதித்ததில் குறை ஒன்றுமில்லை. பாராசூட்டை இழுத்தபோது தோள் சாய்ந்திருக்கிறது. விரியும்போதே கயிறுகள் முறுக்கிக்கொண்டன. கீழேயிருந்து நான் பைனாகுலரில் பார்த்தேன். விரித்துப் பிடித்து உதைக்க வேண்டும். அவள் உதைக்கவில்லை. கைகள் மேலே போயின, நின்றன, மறுபடி போயின. மறந்துவிட்டாள் என்று பார்த்தாலே தெரிந்தது. கீழேயிருந்த இன்னொரு இன்ஸ்ட்ரக்டர் அவள் ஹெல்மெட் ரேடியோவில் "உதை! உதை!" என்று கத்தினார். அதற்குப் பிறகுதான் கால்கள் அசைந்தன. முறுக்குப் பிரிந்தபோது மிகவும் கீழே வந்துவிட்டாள். ஓடுதளத்துக்குத் திரும்ப உயரமில்லை. காற்று முதுகில் தள்ள, வேலிக்கு அந்தப் பக்கம், உழுதுபோட்டிருந்த கரிசலில் போய் விழுந்தாள்.

கணுக்காலுக்கு மேலே இரண்டு எலும்பும் உடைந்திருக்கின்றன. நேற்றே ஆபரேஷன். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொதப்பிட்டேங்கக்கா. எல்லாம் மறந்துபோச்சு" என்றாள்.

சாயங்காலம் கிரிதரன் சார் ரிஜிஸ்டரைப் புரட்டினார்.

"இருபத்தொன்பது நாளா?" என்றார். லிஸ்ட் பலகையைப் பார்த்தார். மறுபடி ரிஜிஸ்டரைப் பார்த்தார். "குறி இல்லன்னதும் நானும் கேக்காம விட்டுட்டேன். நான் கேட்டிருக்கணும்."

நான் உடைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

தாமோதரன் சார் வந்திருந்தார். என்னை மட்டும் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்.

"ரிஜிஸ்டர்ல ஒரு வரி எழுதும்மா. இருபத்தஞ்சாம் தேதி, காலை ஆறே முக்கால், அரை மணி நேரப் பயிற்சி கொடுக்கப்பட்டதுன்னு. கிரி கையெழுத்துப் போட மாட்டேங்கிறான். நீ பார்த்ததா போட்டுரு, போதும்."

"கொடுக்கலையே சார்."

"அது எனக்குத் தெரியாதா? நீ குறி போட மறந்தத நான் பெருசா எடுத்துக்கல. மனுஷன்னா மறக்கத்தான் செய்வான். அதே மாதிரி இதையும் சுமுகமா முடிச்சுரலாம். இல்லன்னா மொத்தப் பழியும் கிரி மேலதான் போகும். அவன் லைசென்ஸே போயிரும். யோசிச்சுக்க."

மறந்தது என்று அவராகவே சொல்லிவிட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த வரியை மட்டும் எழுதவில்லை.

ஷெட்டில் கிரிதரன் சார் தன் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். டீ வைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 28, புதன்

சொல்லிவிட்டேன்.

அவர் பெட்டியைப் பூட்டும்போது, "சார், நான் மறக்கல" என்றேன்.

"எத?"

"குறி போட மறக்கல. தெரிஞ்சுதான் போடல."

பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

இன்னொன்றையும் சொன்னேன். அதை ஞாயிற்றுக்கிழமை இந்த நோட்டில்கூட நான் எழுதவில்லை. அன்று காலை பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்த சம்யுக்தா, உடை மாற்றிக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "அக்கா, ரொம்ப நாளாச்சுங்க. ஒருக்கா தொங்கிப் பாத்துட்டு ஏறட்டுங்களா?" ஷெட் திறந்துதான் இருந்தது. நேரமும் இருந்தது. நான், "அதெல்லாம் சார் பாத்துக்குவாரு, நீ ஏறு" என்று சொன்னேன்.

"ஏன்?" என்றார் கிரிதரன் சார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

"அவ ஒரு லெவல்லயாவது ஃபெயில் ஆகணும்னு நினைச்சேன் சார். ரிப்பீட்னு நீங்க அவகிட்ட ஒரு தடவ சொல்லணும். அவ்வளவுதான். இப்படி விழணும்னு நினைக்கல."

"மத்த நாள்? காத்து, காத்துன்னு அந்தப் பொண்ணு திரும்பிப் போச்சே?"

அதையும் சொன்னேன். வெளியே டாண்டம் லோடு ஒன்று கிளம்பிப் போனது.

"நான் விமானத்துக் கதவத் திறக்கும்போது பக்கத்துல இருக்கிற ஆளப் பத்தி எனக்குத் தெரிஞ்சது நீ எழுதின அந்த ஒரு வரிதான், தெபோரா" என்றார். பிறகு எழுந்தார். "என்கிட்ட சொல்லி ஆகப்போறது ஒண்ணுமில்ல. முதலாளிகிட்ட எழுதிக் குடு. அந்தப் பொண்ணுகிட்ட நேர்ல போய்ச் சொல்லு."

என் பெயர் அவருக்கு இவ்வளவு நன்றாகத் தெரியும் என்று நினைத்திருக்கவில்லை. ஏம்மா, இந்தாம்மா என்றுதான் கூப்பிடுவார்.

பிப்ரவரி 29, வியாழன்

நாலு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தாமோதரன் சார் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

"நீ பைத்தியமா? மறந்துட்டேன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதான? இத எவன் கேட்டான்?"

கிரிதரன் சார் அந்தத் தாளின் நகலைத் தன் அறிக்கையோடு சேர்த்து லைசென்ஸ் தருகிற அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டதாகச் சொன்ன பிறகுதான் அவர் குரல் இறங்கியது. எனக்கு இன்றோடு வேலை இல்லை. மாணவர் பயிற்சி இந்த சீசனுக்கு நிறுத்தம். டாண்டம் வழக்கம்போல நடக்கும்.

சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். துவைத்த உடைகள் கொடியில் இருந்தன. எடுத்து மடித்துவைத்துவிட்டுத்தான் வந்தேன்.

மார்ச் 3, ஞாயிறு

வீட்டில் இருக்கிறேன். விமானச் சத்தம் இங்கே கேட்காது என்றாலும் ஏழே காலுக்கு முழிப்பு வந்துவிடுகிறது.

மார்ச் 6, புதன்

கோயம்புத்தூர் போய் வந்தேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இறங்கின சூட்டோடு எழுத வேண்டும்.

சம்யுக்தாவின் அம்மாதான் கதவைத் திறந்தார். "தெபோரா அக்காங்களா? வாங்க கண்ணு. எப்பவும் உங்க பேச்சுத்தான். சோறு கட்டிக் குடுத்தீங்களாமா" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

ஜன்னலோரக் கட்டிலில் காலைத் தலையணைமேல் தூக்கிவைத்துப் படுத்திருந்தாள். முழங்கால் வரை கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"இத்தனை தூரம் வந்தீங்களாங்கக்கா? பாருங்க, கிளினிக்ல மிஷின வலது காலாலதான் மிதிக்கணும். ஆறு மாசம் ஆகுங்கறாங்க. அதுக்குள்ள பேஷண்டெல்லாம் பல்லே இல்லாம ஆயிடுவாங்க" என்று சிரித்தாள்.

அவள் அம்மா காபி போடப் போனதும் கதவைச் சாத்தினேன். என் நோட்டை எடுத்து வாசித்தேன். ஜனவரி 28, மூன்றாவது லோடு. 29, மூன்றாவது லோடு. 30, முதல் லோடில் நான். பிப்ரவரி 10, 11, 16. இருபத்துநாலாம் தேதி. இருபத்தைந்தாம் தேதி காலை அவள் கேட்டது, நான் சொன்னது. முடித்து நிமிர்ந்தபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்தாந்தேதி இடம் காலியாவா இருந்துச்சு?"

"ரெண்டு லோடுல."

"அன்னிக்கு நீங்க குதிச்சீங்களா?"

"குதிச்சேன்."

"எப்படி இருந்துச்சு?"

பொய் சொல்ல வாய் வந்தது. "நல்லா இருந்துச்சு" என்றேன்.

அழுதாள். சத்தமில்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு. "ஒவ்வொரு வாரமும் பஸ்ல வரப்போ நான்தான் ராசியில்லாதவன்னு நெனச்சுட்டு வந்தேன். நமக்கு அமையாதுன்னு. அம்மா சொன்னது சரியோன்னு. கால்கூடப் போகட்டும். அப்படி நெனைக்க வெச்சுட்டீங்களே" என்றாள்.

மன்னித்துவிடு என்று சொல்லத்தான் போயிருந்தேன். அந்த இடத்தில் அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றிவிட்டது. சொல்லவில்லை.

அவள் அம்மா காபியோடு கதவைத் தட்டினார். சம்யுக்தா போர்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி வேகமாகச் சொன்னாள்: "இதை எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

என்னைக் காப்பாற்றுகிறாள் என்று நினைத்துவிட்டேன். "இல்ல, சொல்லிர்றேன். அவங்களுக்கும் தெரியணும்" என்றேன்.

"உங்களுக்காகச் சொல்லலைங்க. இப்படியெல்லாம் நடக்கும்னு தெரிஞ்சா அடுத்த வருஷம் என்னைய அங்க விடமாட்டாங்க. எனக்கு இன்னும் மூணு லெவல் இருக்கு."

அக்கா என்று கூப்பிடவில்லை. காபியைக் குடித்துவிட்டு எழுந்தேன். "நீங்க இனி லிஸ்ட் எழுத மாட்டீங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள். மாட்டேன் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அம்மா தெருமுனை வரை வந்து, தேங்காய் பன் ஒரு பொட்டலம் கையில் திணித்து வழியனுப்பினார்.

நான் இனிக் குதிப்பேனா என்று தெரியவில்லை. நாலு நாளாக அதைப் பற்றி நினைக்கவே பயமாக இருக்கிறது. அவள் உடைந்த காலை வைத்துக்கொண்டு அடுத்த வருடத்தை எண்ணிக்கொண்டிருக்கிறாள். அதைக் கேட்ட அந்த நிமிஷம், அவள் கண்ணீர் காயும் முன்னால், அவளை அந்த நிலையில் போட்ட நானே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவள்மேல் பொறாமைப்பட்டேன். ஜனவரியிலிருந்து எத்தனையோ எழுதினேன். இந்த ஒரு சொல்லை இன்றுதான் எழுதுகிறேன்.